கடைசி அத்தியாயம் இல்லாத பேய்க்கதை

வாடகை நூல் நிலையத்தில் வேலை பார்ப்பவனுக்குப் புத்தகம் படிக்க நேரம் கிடைக்காது. படித்தவர்கள் சொல்வதைக் கேட்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். புத்தகத்தை இரவல் கொடுத்துவிட்டுத் தவம் கிடந்தவர்களே, திரும்பி வந்த புத்தகத்தில் மூக்குப்பொடிக் கறையைப் பார்த்து வயிறெரிந்தவர்களே, எவரோ எழுதிய கதைக்கு வசவு வாங்கியவர்களே, நீங்களெல்லாம் என் கட்சி. உங்களிடம்தான் இதைச் சொல்லி ஆற்றிக்கொள்ள முடியும்.

ஐம்பதுகளின் கடைசியில் திருச்சி தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில், ஒரு பாத்திரக் கடைக்கு மாடியில் எங்கள் நூல் நிலையம் இருந்தது. காலையில் கடையில் உட்காருவேன். மத்தியானம் சைக்கிளில் கித்தான் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் புத்தகம் மாற்றப் போவேன். முதலாளி ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். புத்தகத்தைத் திருப்பி வாங்கும்போது, "எப்படி இருந்தது?" என்று கட்டாயம் கேட்க வேண்டும். அந்தப் பதிலை வைத்துத்தான் அடுத்தவருக்கு எதைக் கொடுப்பது என்று முடிவு செய்வோம். கேட்டுக் கேட்டு அது எனக்கு இருமல் மாதிரி ஆகிவிட்டது. யார் எதைக் கையில் கொடுத்தாலும் வாய் தானாகக் கேட்கும். ஒரு தடவை கண்டக்டர் மீதிச் சில்லறை கொடுத்தபோதுகூடக் கேட்டுவிட்டேன். "சில்லறை எப்படிங்க இருக்கும், வட்டமாத்தான் இருக்கும்" என்றார் அவர்.

கூறைச் சேலை

அந்த இரண்டு மூன்று வருஷம் ஊருக்கே பேய்க்கதைப் பைத்தியம் பிடித்திருந்தது. வாரப் பத்திரிகை ஒவ்வொன்றிலும் ஒரு பேய் தொடர்ந்துகொண்டிருந்தது. சமூகக் கதையெல்லாம் அலமாரியில் தூசி பிடிக்க, பேய்கள் மட்டும் வீடு வீடாகப் போய் வந்தன. அபிப்பிராயம் சொல்லாத ஆளே கிடையாது. ஆனால் அத்தனை பேரிலும் பேயைப் பற்றிச் சரியாகப் பேசத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவரை நான் பார்த்ததே இல்லை.

துறையூர்ப் பக்கத்து விவசாயி பெரியசாமியின் மனைவி அவர், பெயர் செல்லம்மா. பெரியசாமி வாரம் ஒரு தடவை வெங்காய மூட்டையோடு காந்தி மார்க்கெட்டுக்கு வருவார். மூட்டையை இறக்கிவிட்டு நேரே எங்கள் மாடிப்படி ஏறுவார். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும், அதுவும் பஸ் போர்டு அளவுக்கு. செல்லம்மா எட்டாவது வரை படித்தவர். வெளியூருக்குப் புத்தகம் தருவதில்லை என்பது கடை வழக்கம். இந்த அம்மாளின் அபிப்பிராயத்துக்காகவே முதலாளி அந்த வழக்கத்தை விட்டுக் கொடுத்தார். மனைவி சொன்னதை ஒரு சொல் சிந்தாமல் கொண்டுவந்து சேர்ப்பார் பெரியசாமி, எண்ணெய்த் தூக்கைக் கொண்டு வருவதுபோல நிதானமாக.

பேய் வருவதற்கு முன்னால் நாய் ஊளையிடும் கதை ஒன்றுக்கு, "எங்க தெரு நாய் தபால்காரருக்குத்தான் குலைக்குது, அவரையும் பேயின்னு எழுதுவாங்களா?" என்று சொல்லி அனுப்பினார். இன்னொரு கதை ஊரே கொண்டாடியது. அதைத் திருப்பிக் கொடுத்த அன்று பெரியசாமி தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "பேய் வெள்ளைச் சேலையில வருதாம். புருசன் இருக்கும்போது செத்தவளைக் கூறைச் சேலை கட்டித்தானே அனுப்புவாங்க, நடுவுல அதை யாரு மாத்திவிட்டாங்கன்னு கேட்டுட்டு வரச் சொன்னா."

கடைசி இதழ்

அந்தக் காலத்தில் தொடர்கதை எல்லாம் உடனே புத்தகமாக வந்துவிடாது. பத்திரிகையிலிருந்து வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, அட்டை போட்டுத் தைத்து, பைண்டு செய்து வாடகைக்கு விடுவோம். ஒரு பக்கத்தில் பேய் கதவைத் தட்டும். திருப்பினால் மறுபக்கத்தில் வத்தக்குழம்பு வைக்கும் விதம் இருக்கும். அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. பெரிய தொல்லை வேறு. கடைசி அத்தியாயம் வரும் இதழைத்தான் எல்லோரும் முந்திக்கொண்டு இரவல் கேட்பார்கள். இரவல் போன இதழ் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. அதனால் எங்கள் பைண்டுகளில் பல, முடிவே இல்லாமல் மொட்டையாக நின்றன.

தொட்டில் கதை என்று எல்லோரும் சொல்லும் ஒரு தொடரும் அப்படித்தான். கைக்குழந்தையை விட்டுவிட்டு ஒரு தாய் இறந்துபோகிறாள். புருஷன் அவள் தங்கையையே கட்டிக்கொள்கிறான். அதன் பிறகு யாரும் தொடாமலே தொட்டில் ஆடுகிறது. பெரியவர்கள் மந்திரவாதியை வரவழைக்கிறார்கள். அவன் தெருவில் வந்து நிற்கிறான், தங்கை கதவுக்குப் பின்னால் நிற்கிறாள். அவ்வளவுதான், எங்கள் பைண்டு அங்கே தீர்ந்துவிடும்.

பெரியசாமி அதைத் திருப்பிக்கொண்டு வந்த அன்று, "எப்படி இருந்துச்சுங்க?" என்றேன். அவர் புத்தகத்தை மேஜைமேல் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். முடிவு எங்கே என்று கேட்டார். இல்லை என்றேன். உட்காரலாமா என்று கேட்டார். அவ்வளவு நாளில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அவளுக்கு வயித்துல கட்டி தம்பி. பெரிய ஆஸ்பத்திரியில பாத்துட்டு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கன்னுட்டாங்க. பாப்பாவுக்கு நாலு வயசு. மாமியா அவ தங்கச்சியை, எங்க கொழுந்தியாளைக் கொண்டாந்து விட்டிருக்காங்க. ஒத்தாசைக்குன்னுதான் சொல்றாங்க, செல்லம்மாவுக்குப் புரியாதா? அந்தப் பேயைத் தொட்டில்கிட்ட இருக்க விட்டாங்களா, வெரட்டிட்டாங்களா, அதை மட்டும் கேட்டுட்டு வாங்கன்னு சொன்னா."

பேய் இல்லை, அடுத்ததைக் கொடு

எனக்கு முடிவு தெரியாது. முதலாளிக்கும் தெரியாது. பத்திரிகை ஆபீஸுக்கு எழுதிப் போட்டோம். பழைய இதழ் கைவசம் இல்லை என்று தபால் கார்டு வந்தது. சரி, ஊரில் ஆயிரம் பேர் படித்த கதைதானே, யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தேன். வாசகர்களைப் பற்றி எனக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

முதலில் பாலக்கரையில் தையற்கடை மாணிக்கத்தைக் கேட்டேன். கறுப்புச் சட்டைக்காரர். கடவுளும் இல்லை, பேயும் இல்லை என்று தையல் மெஷினை மிதித்துக்கொண்டே நிரூபிப்பார். நிரூபிப்பதற்காகவே பேய்க்கதை ஒன்று விடாமல் படிப்பார். "அதுவா? பேயும் இல்லை, பூதமும் இல்லீங்க. காரியஸ்தன் சொத்துக்கு ஆசைப்பட்டுத் தொட்டிலுக்குக் கயிறு கட்டி இழுத்தான். கடைசியில மாட்டிக்கிட்டான்" என்றார். எனக்கு மனசு விட்டுப்போயிற்று. இதைப் போய்ச் செல்லம்மாவிடம் எப்படிச் சொல்வது? தொட்டிலை ஆட்டியவள் அம்மாவே இல்லை என்றா? எதற்கும் கேட்டுவைப்போம் என்று, "கடைசி இதழ்ல அப்படித்தான் வந்துச்சுங்களா?" என்றேன்.

மாணிக்கம் ஊசியில் நூலைக் கோத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "அதை யாருங்க படிச்சா? பாதியிலேயே நான் கண்டுபிடிச்சுட்டேன், நிறுத்திட்டேன். பேயெல்லாம் சுத்தப் பொய்ங்க. புதுசா ஏதும் வந்திருந்தா யாருக்கும் குடுக்காம எனக்கு மொதல்ல எடுத்து வைங்க."

குண்டூசி

அடுத்து பொன்மலை ரயில்வே குடியிருப்பில் ஒரு கார்டு வீட்டு அம்மா. அவர் கணவர் கூட்ஸ் வண்டியில் கார்டு. பாதி நாள் விழுப்புரத்திலோ மதுரையிலோ இருப்பார். இந்த அம்மா பகலெல்லாம் பேய்க்கதை படித்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் பக்கத்து வீட்டுப் பெண்ணைத் துணைக்குப் படுக்கக் கூப்பிடுவார். அந்தப் பெண் ஒரு நாள் என்னை வழிமறித்து, "அவங்களுக்கு இனிமே சாமிக் கதை குடுங்க" என்று கெஞ்சினாள்.

தொட்டில் கதை என்றதும் அந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு தம்பி. ரெண்டாவது பொண்டாட்டி பயந்துபோயி பொறந்த வீட்டுக்கு ஓடிடுவா. அப்புறம் பேயே புள்ளையை வளக்கும். சோறெல்லாம் ஊட்டும்" என்றார். எனக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது. பாதி உண்மை என்றாலும் போதும் என்று தோன்றியது. அன்றைக்குப் பார்த்து வீட்டில் இருந்த கார்டு, சட்டையைக் கழற்றிக்கொண்டே, "ஏம்மா, நீதான் அந்தக் கடைசிப் பக்கத்தைப் பிரிக்கவே இல்லையே" என்றார். அந்த அம்மா முந்தானையைத் திருகினார். இதழ் எங்கே என்று கேட்டேன். பழைய பேப்பர்காரரிடம் போட்டாயிற்றாம்.

"பயமா இருந்துச்சு தம்பி, கடைசிப் பக்கத்துக்கெல்லாம் குண்டூசி குத்தி வச்சுட்டேன். இவருக்கு டூட்டி இல்லாத நாளாப் பாத்துப் படிக்கலாம்னு இருந்தேன், இவருக்கு என்னிக்கு டூட்டி இல்லாம இருந்துச்சு?"

பஞ்சாங்கத்துக்கு அட்டை

ஸ்ரீரங்கத்தில் வடக்குச் சித்திரை வீதியில் ஓர் ஐயங்கார் சுவாமி எங்கள் பழைய வாடிக்கை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பேய்க்கதை என்றால் உயிர். ஆனால் பெருமாள் எழுந்தருளியிருக்கும் அகத்துக்குள் பிசாசுப் புத்தகம் வரக்கூடாது என்பது மாமியின் உத்தரவு. ஆகவே நான் கொல்லைப்புறமாகப் போவேன். கிணற்றடியில் துவைகல்மேல் உட்கார்ந்து படித்துவிட்டு, கைகால் அலம்பிக்கொண்டு உள்ளே போவார்.

அன்று கையில் பஞ்சாங்கத்தோடு அங்கே உட்கார்ந்திருந்தார். நான் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். "மந்திரவாதி ஒரு ஆத்மாவை என்ன ஓய் பண்ண முடியும்? அந்தத் தங்கை, அக்காவுக்காக மனசுருகிப் பெருமாளைப் பிரார்த்திச்சாள். பிசாசுக்கு மோக்ஷம் கிடைச்சுடுத்து. தொட்டில் நின்னுடுத்து. க்ஷேமமா முடிஞ்சுது" என்றார். அவர் பேசப் பேச என் கண் பஞ்சாங்கத்தின் அட்டையில் நின்றது. யாரோ பத்திரிகைத் தாளால் அதற்கு அட்டை போட்டிருந்தார்கள். அதில் ஒரு தொட்டில் படம். ஓரத்தில் வேப்பிலையோடு ஒரு மந்திரவாதி.

பிரித்துப் பார்த்தோம். இதழின் நடுத்தாள், ஒரே தாளில் நாலு பக்கம், கடைசியில் "முற்றும்". "மாட்டுப்பொண் போட்ட அட்டை, அடியேன் கவனிக்கலே" என்று சொல்லிவிட்டு சுவாமி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். படிக்கப் படிக்க முகம் சுருங்கியது. என் பையிலிருந்த செய்தித்தாளால் பஞ்சாங்கத்துக்கு வேறு அட்டை போட்டுக் கொடுத்தேன். தாளை என்னிடம் தள்ளினார். "அச்சிலே வந்துட்டா அதுதான் முடிவுன்னு ஆயிடுமா ஓய்? எழுதினவனுக்கு ஸம்ப்ரதாயம் தெரியலே, எடுத்துண்டு போம்."

நடுத்தாள்

காவிரிப் பாலத்தின் நடுவில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அதைப் படித்தேன். தங்கை தானே போய்க் கதவைத் திறக்கிறாள். மந்திரவாதி வெள்ளைச் சேலைப் பேயைப் பிடித்துப் புளியமரத்தில் ஆணி அடித்துவிடுகிறான். தங்கை குழந்தையைத் தொட்டிலில் போட்டு, "இனிமேல் இந்தத் தொட்டில் நான் ஆட்டினால்தான் ஆடும்" என்று சிரிக்கிறாள். முற்றும். எனக்கு வந்த கோபத்தை இப்போதும் மறக்கவில்லை. கீழே காவிரி இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஒரு கை நீட்டினால் போதும், கதை தீர்ந்துவிடும். நீட்டத்தான் நினைத்தேன்.

கடைக்கு வந்து முதலாளியிடம், கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாமா என்று கேட்டேன். அவர் பசையைத் தடவிக்கொண்டிருந்த தூரிகையைக் கீழே வைத்தார். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா முடிவு பிடிக்கலேன்னு நாம ஒளிச்சு வைக்க ஆரம்பிச்சா, இந்த அலமாரியில பாதிக்கு மேல மிஞ்சாதுப்பா" என்றார்.

அடுத்த வாரம் பெரியசாமி வந்தார். மூட்டை கொண்டுவரவில்லை, இதற்காகவே பஸ் ஏறியிருக்கிறார். தாளை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்காமல், "இருக்க விட்டாங்களா தம்பி?" என்றார். வெரட்டிடுறாங்க என்றேன். "கதவைத் தொறக்கிறது யாரு?" என்றார். தங்கச்சிதான் என்றேன். அவர் தாளை வாங்கி நாலாக மடித்து மஞ்சள் பையில் வைத்தார், பைண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார். "பரவாயில்ல, குடுங்க. இப்பெல்லாம் அவளுக்கு எழுத்துல கண்ணு நிக்கிறதில்ல. நாந்தான் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிச்சுக் காட்டுறேன்."

எழுத்துக் கூட்டாமல்

அப்புறம் பல வாரம் அவர் வரவில்லை. நானும் விசாரிக்கவில்லை. விசாரிக்க வழியும் இல்லை. துறையூர்ப் பக்கம் என்பது தவிர அவருடைய ஊர்ப் பெயரைக்கூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை. அபிப்பிராயம் மட்டும்தான் கேட்டேன், இத்தனை நாளும். பொன்மலைக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் சைக்கிள் மிதித்தவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை துறையூர் பஸ்ஸில் ஏறியிருக்கலாம். அந்த அம்மாளை ஒரு தடவை பார்த்திருக்கலாம். கூறைச் சேலையைப் பற்றி அவர் வாயாலேயே கேட்டிருக்கலாம்.

ஒரு நாள் காலையில் புதுப் புத்தகங்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். யாரோ மேஜைமேல் ஒரு பைண்டை வைத்தார்கள். நிமிராமலே, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டேன். பழக்கதோஷம். நிமிர்ந்து பார்த்தால் பெரியசாமி. தாடி வளர்ந்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. கேட்ட கேள்வியை அப்படியே வாரி விழுங்க முடியாதா என்று இருந்தது. அவரோ எப்போதும்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"படிச்சுக் காட்டினேன் தம்பி. தாளைப் பாத்துக்கிட்டேதான் படிச்சேன். மந்திரவாதி தெருவுல நிக்கிறான். தங்கச்சி கதவைச் சாத்தித் தாப்பாப் போட்டுட்டா. உள்ள வந்து, 'அக்கா, நீ எப்ப வேணும்னாலும் வந்து ஆட்டிட்டுப் போ, நான் பாக்காத மாதிரி இருந்துக்கிறேன்'னு சொன்னா. பேய் கூறைச் சேலையில வந்து தொட்டில்கிட்ட உக்காந்துச்சு. திருப்புற எடத்துல பக்கத்தைத் திருப்பவும் செஞ்சேன்."

அச்சில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். "கொழுந்தியா நெலப்படியில நின்னு கேட்டுக்கிட்டு இருந்துச்சு. தூங்குன புள்ளையைத் தூக்கிட்டு வந்து செல்லம்மா பக்கத்துல படுக்க வச்சுது. அதுக்கு மறுவாரம்தான் எல்லாம் ஆச்சு. கருமாதி முடிச்சிட்டு வரேன்" என்றார். அடுத்து ஏதாவது புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். மடித்த தாளை எடுத்து பைண்டின்மேல் வைத்தார். மாடிப்படி வரைக்கும் போனவர், ஒப்படைக்க வேண்டிய பொருள் ஒன்று பாக்கி இருப்பதுபோலத் திரும்பி வந்தார்.

"உங்ககிட்டச் சொல்லச் சொன்னதை மறந்துட்டேன் பாருங்க. படிச்சு முடிச்சதும், 'இத்தனை நாளா எழுத்துக் கூட்டின மனுசன் இன்னிக்குக் கடகடன்னு படிக்கிறாரே'ன்னு சிரிச்சா. அப்புறம் சொன்னா, 'லைப்ரரித் தம்பிகிட்டச் சொல்லுங்க, கடைசி அத்தியாயம் எழுதினவரே மொத்தக் கதையையும் எழுதியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்'னு."

அந்த நடுத்தாளை நான் பைண்டில் ஒட்டவே இல்லை. கடையை மூடும் வரைக்கும், முடிவு கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் துறையூர் முடிவைத்தான் சொல்லி அனுப்பினேன், எப்படி இருந்தது என்று மட்டும் ஒருவரையும் கேட்கவில்லை.